அறுநூறு முகம்

ஊரைப் பூட்டிவிட்டுச் சாவியை வைத்த இடத்தை மறந்துவிட்டார்கள் என்று வெள்ளைக்காட்டு லைனில் பேசிக்கொண்ட நாட்கள் அவை. பூட்டிய பதினோராவது நாள் காலையில், கே.பி. ஆறுமுகம் அன்புக்கரங்கள் அறக்கட்டளையின் டெம்போ, திருப்பூருக்கு வெளியே ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கிற அந்தப் பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகளுக்கு முன்னால் வந்து நின்றது. நின்றதும் பின்கதவு திறந்தது, திறந்ததும் உள்ளேயிருந்து ஒரே முகம் அடுக்கடுக்காக எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. பெற்றவர்கள் ஆறு முகம் போதும் என்று நினைத்து வைத்த பெயர். அறக்கட்டளை அதை அறுநூறாக்கி அறுநூறு துணிப்பைகளில் அச்சடித்திருந்தது. ஐயாவுக்கு அறுபத்து மூன்று வயது, கொரோனா காலத்தில் வாசல்படி தாண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவர் படமாக மட்டும் வந்திருந்தார்.

பைகளைக் கொடுத்தவர் அறக்கட்டளையின் செயலாளர் சதாசிவம். கொடுக்கிறவர் முகம் போட்டோவில் தெரிய வேண்டும் என்பதால் அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார். வாங்குகிறவர் முகம் தெரிய அவசியம் இல்லை என்பதால் லைன் ஜனங்களை மாஸ்க்கை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார்கள், பிறகு போட்டோவுக்காக ஒட்டி நிற்கச் சொன்னார்கள், பிறகு மறுபடியும் ஆறடி தள்ளிப் போகச் சொன்னார்கள். பைக்குள் ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், உப்பு, கை கழுவ ஒரு சோப்பு. அடுத்த பை பதினைந்து நாள் கழித்து என்று சொல்லிவிட்டு டெம்போ போனது.

ஐந்தாவது வீட்டுத் தெய்வானைக்கு அந்தப் பை வந்தது உயிர் வந்த மாதிரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. கம்பெனி மூடிக்கிடந்தது. புருஷன் ராசப்பன் லாரியோடு நாக்பூர் பக்கம் ஒரு தாபா வாசலில் மாட்டிக்கொண்டிருந்தான். ரேஷன் கார்டோ தாராபுரம் பக்கம் மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்தது, அங்கே போகப் பஸ் இல்லை. பதிமூன்று வயது கோகிலாவும் எட்டு வயது பிருந்தாவும் வளர்கிற பிள்ளைகள், வேளைக்கு வேளை பசிக்கிற வயது. ஐந்து கிலோவைப் பதினைந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, மூன்று வயிறு அடங்கிவிடும் என்று மனசுக்குள் அளந்து பார்த்து, சாமான்களை டப்பாக்களில் கொட்டிவிட்டு, பையை அடுப்புக்கு எதிரே ஆணியில் மாட்டினாள். அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு ஆணிதான்.

மத்தியானம் மூன்று பேரும் தட்டைப் போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே ஐயா கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்காமல் வாயில் சோற்றை வைக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம்கூடப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள், அவரும் ‘இல்லீங்க, இப்பத்தான் ஆச்சு’ என்று சொல்லிவிடுவார், கேட்டவருக்கும் நஷ்டமில்லை, கேட்கப்பட்டவருக்கும் கௌரவம். அந்தப் பழக்கத்தில், முகம் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்கிற கூச்சத்தில், தெய்வானை சோற்றைப் பிசைந்துகொண்டே, “சாப்படறீங்களா?” என்று பையைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

“செரி அம்மிணி, கொஞ்சமா வை” என்றது முகம்.

தெய்வானைக்கு முதலில் வந்தது ஆச்சரியமில்லை, எரிச்சல். கேட்டதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இத்தனை பெரிய மனுஷனுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று நினைத்துக்கொண்டே எழுந்துபோய் ஸ்பூனால் ஊட்டினாள். கொஞ்சமா என்றவர் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார், ரசம் இருக்கிறதா என்று விசாரித்தார், பருப்பில் பூண்டு பத்தவில்லை என்றார். சோறு எங்கே போகிறது என்று பிருந்தா பைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள், உள்ளே ஈரம்கூட இல்லை. அன்றைக்குத் தெய்வானை சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் குழாயடியில் விஷயம் தெரிந்தது. பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு ஐயா சாப்பிட்டிருந்தார். கேட்காத வீட்டில் அது வெறும் படமாகவே இருந்திருக்கும், ஆனால் அந்த லைனில் கேட்காதவர் ஒருவரும் இல்லை. ஏழாம் நம்பரில் இருந்த பீகார்க்காரர்கள் நாலு பேரும் இந்தியில்தான் கேட்டிருந்தார்கள், முகத்துக்கு வார்த்தை புரியாவிட்டாலும் தட்டு புரிந்திருந்தது. எப்படி இது என்று யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை. ஊரையே பூட்ட முடியும் என்றால் துணிப்பையில் இருக்கிறவர் சாப்பிடவும் முடியும்தான் என்று விட்டுவிட்டு, அவருக்குக் காரம் ஆகுமா, காலையில் காபியா டீயா என்கிற காரியங்களுக்குப் போய்விட்டார்கள். ஒரு தடவை சாப்பிட்ட முகம் அடுத்த வேளையிலிருந்து தானாகவே “ஆச்சா அம்மிணி?” என்று கேட்க ஆரம்பித்தது. அதற்கு முகத்தில் அடித்த மாதிரிப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வீடுவீடாகக் காய்ச்சல் பார்க்க வந்த சுகாதாரப் பணிப்பெண்ணும் அலட்டிக்கொள்ளவில்லை. நெற்றிக்கு நேரே கருவியை நீட்டி ஐயாவுக்கும் காய்ச்சல் பார்த்தாள், இயல்பாக இருந்தது. வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு நாலு என்று எழுதிக்கொண்டாள். வாய் திறந்து பேசுகிற எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம் என்று சொல்லிவிட்டுப் போனதால், தெய்வானை பழைய பனியன் துணியில் ஒரு மாஸ்க் தைத்து முகத்துக்கு நாடா கட்டினாள், சாப்பாட்டு வேளையில் மட்டும் அவிழ்த்துவிட்டாள்.

எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்றை யாரும் சொல்லவில்லை. ஒன்றரை டம்ளர் அரிசி மூன்று பேருக்குத்தான் வரும். நாலாவது ஆள் உட்கார்ந்தால் மூன்றில் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். தெய்வானை எழுந்துவிட்டாள். பிள்ளைகளிடம் சமைக்கும்போதே ருசி பார்த்து வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னாள், வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டாள், சில நாள் அதுகூட இல்லை, ஏனென்றால் ஐயாவுக்குக் காலையில் கஞ்சி பிடித்துப்போயிருந்தது.

இரண்டாவது தடவை டெம்போ வந்தபோது அறக்கட்டளை ஒரு விதி கொண்டுவந்திருந்தது. சுற்றுச்சூழலைக் காக்கும் பொருட்டுப் புதுப் பை கிடையாது, பழைய பையைக் கொண்டுவந்தால் அதில்தான் சாமான். ஆளுக்கு ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சதாசிவம் ஒவ்வொரு முகத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பத்தாம் நம்பர் ருக்குமணி அக்காளின் பையைப் பார்த்ததும் கை நின்றது. அங்கே ஐயாவுக்குக் கன்னம் ஒட்டிப்போய், கண் குழிவிழுந்து, கும்பிட்ட விரல் எலும்பெல்லாம் தெரிந்தது. ருக்குமணி அக்காளின் மகள் அந்த மாதம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். இருந்த சோறு பால் கொடுக்கிறவளுக்குப் போயிருந்தது.

“ஏனம்மா, சோறு போட்டவரைப் பட்டினி போட்டுட்டு வந்து நிக்கறயே, நல்லாருக்குதா?” என்றார் சதாசிவம். சாமான் கொடுக்கவில்லை. நாலு நாள் டைம் தருகிறேன், முகத்தைத் தேற்றிக்கொண்டு வா என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே மனசு நொந்து சொன்னார், ஐயாவை அந்தக் கோலத்தில் அவர் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே வெள்ளைக்காட்டு லைனில் ஒரு தர்ம ஸ்தாபனம் உண்டானது. பெயர் ஐயா பராமரிப்புக் குழு. வேலை ஒன்றுதான்: எந்த வீட்டில் முகம் மெலிகிறதோ அந்த வீட்டுக்கு மற்ற வீடுகள் வேளைக்கு ஒரு கரண்டி சோறு கொடுப்பது. கரண்டி கரண்டியாகச் சேர்ந்த சோறு ருக்குமணி அக்காளின் வீட்டுக்குப் போனது. பச்சை உடம்புக்காரி ஒரு மூலையில் பார்த்துக்கொண்டிருக்க, முகத்துக்கு ஊட்டினார்கள், நாலே நாளில் ஐயாவுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. தாய்க்கும் இரண்டு வாய் கொடுக்கலாமே என்று தெய்வானைதான் கேட்டாள். குழுவின் நோக்கம் அது இல்லை என்று ஒருத்தி சொன்னாள், சொன்னபிறகு அவளே வெட்கப்பட்டுப்போய் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

முகம் தேறியதற்கு அத்தாட்சி வேண்டும் என்று சதாசிவம் வாட்ஸப்பில் கேட்டார். அதனால் ஊட்டுவதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஊட்டுகிறவர் முகம் தெரிய வேண்டும், ஸ்பூன் வாய்க்குள் பாதி போயிருக்க வேண்டும், இருவரும் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். தெய்வானை மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, ஸ்பூனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள். அந்தப் போட்டோவைப் பிறகு பார்த்தபோது கொடுக்கிறவர்கள் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது: அசையாமல் நிற்கச் சொல்வதால்தான்.

இதற்கு நடுவில் நிஜ ஆறுமுகத்துக்கு ஒரு தொந்தரவு வந்தது. அவர் தன் வீட்டில் ஒரு பருக்கை தொடுவதில்லை, எந்நேரமும் வயிறு நிறைந்தே இருக்கிறது என்று ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறார், ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போகிறது, சர்க்கரை எகிறிவிட்டது. சதாசிவம் வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டார்: ஐயாவின் உடல்நலன் கருதி பயனாளிகள் இனிமேல் வெள்ளை அரிசிச் சோறு கொடுப்பதைத் தவிர்த்து ராகி, சாமை, கீரை, அவ்வப்போது வெந்தயம் என்று கொடுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். பயனாளிகளுக்கு அவர் கொடுத்திருந்த தானியம் வெள்ளை அரிசி மட்டும்தான். தெய்வானை கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டல் காட்டில் வெயிலில் அலைந்து குப்பைக்கீரை பறித்து வந்து கடைந்து ஊட்டினாள். ஐயா கசக்கிறது என்றார், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சோறு கேட்டார்.

ஊரைப் பூட்டிய முப்பத்தெட்டாவது நாள் குழாயடியில் தெய்வானை குடத்தைத் தூக்கும்போது தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள், வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. கோகிலா வந்து தண்ணீர் தெளித்துத் தூக்கினாள். வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பெண் முன்னால் பார்த்துக்கொண்டே, “அடுத்தது புதுப் பை தர்றாங்களாமா. இந்தத் தடவ கேக்காத அம்மா. நீ கேக்கலீனா அது வெறும் படந்தான்” என்றாள். தெய்வானை சரி என்றாள். மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது தலைசுற்றலைவிட அதிகமாக அவளை உலுக்கியது.

அது உண்மைதான், மூன்றாவது தடவைக்குப் புதுப் பை வருவதாக இருந்தது, ஐயா வீட்டில் ஒரு விசேஷம் என்று. குழாயடியில் பன்னிரண்டு வீடும் கூடிப் பேசி ஒரே முடிவாக எடுத்தார்கள்: புதுப் பையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாயைக் கட்டிக்கொள்வது, தட்டைப் பார்த்துச் சாப்பிடுவது. பீகார்க்காரர்களும் தலையாட்டினார்கள். பட்டினி கிடப்பதைவிட அது கஷ்டம் என்று ருக்குமணி அக்காள் சொன்னாள்.

டெம்போ வந்தது. பழைய பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சதாசிவம் தெய்வானையின் பையை உயர்த்திப் பிடித்து, அறுநூறு முகத்தில் இதுதான் நன்றாக வைத்துக்கொள்ளப்பட்ட முகம் என்று அறிவித்து, சிறந்த பயனாளி என்று ஒரு சான்றிதழ் கொடுத்து, வெயிலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். கால் நடுங்கியது, அசையாதே என்றார்கள், அசையாமல் நின்றாள். கையை விட்டுப் போகும்போது கொழுத்த முகம், “புதுசுலயும் நான் இருக்கறேன், நீ ஒண்ணும் விசாரப்படாத அம்மிணி” என்று ஆறுதல் சொன்னது.

புதுப் பையில் அவர் இருந்தார், அவர் மட்டும் இல்லை. பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் மகன், மருமகள், நடுவில் மருமகளின் மடியில் பட்டுப்பாவாடை போட்ட ஒரு பெண் குழந்தை. பேத்திக்கு ஐந்தாவது பிறந்தநாள் என்று கீழே அச்சடித்திருந்தது. லைன் ஜனங்கள் பையை வாங்கிப் பார்த்தார்கள், ஐந்து வாய் என்று எண்ணினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்கள்.

தெய்வானை அன்று மூன்று பேருக்கும் தாராளமாக உலை வைத்தாள். பருப்பு கடைந்தாள், ரசம் வைத்தாள், மூன்று தட்டுப் போட்டாள், தன் தட்டிலும் கோகிலா சொல்கிற அளவு சோறு போட்டுக்கொண்டாள். பையை ஆணியில் திருப்பி மாட்டலாம் என்று பார்த்தால் பின்பக்கமும் அதே படம். உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தட்டு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது, எந்த வீட்டிலும் பேச்சு இல்லை. பிள்ளைகள் குனிந்து சாப்பிட்டார்கள். தெய்வானை சோற்றைப் பிசைந்தாள், உருட்டினாள், கேட்க வேண்டிய வார்த்தை தொண்டைக்கு வந்து நின்றது, அதை விழுங்கினாள். பெரியவரை நினைத்து விழுங்கினாள், அவர் மனைவியை நினைத்து விழுங்கினாள், மகனையும் மருமகளையும் நினைத்து விழுங்கினாள், நாலு பேரும் படமாகவே இருந்தார்கள். கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனாள். எதிரே குழந்தை.

அஞ்சு வயசுப் பிள்ளையை எதிரே உட்கார வைத்துவிட்டு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. படம்தான் என்று தெரியும். கேட்டால் என்ன ஆகும் என்பது அவள் உடம்புக்கே தெரியும். முழங்கால்மேல் கையூன்றி எழுந்தாள், அம்மா என்று கோகிலா ஒரு தடவை கூப்பிட்டாள். தெய்வானை இடது கையை விரித்து மற்ற நாலு முகங்களையும் மூடிக்கொண்டு, வலது கையில் கவளத்தோடு, சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்டுவிடாதபடி, “கண்ணு, ஒரு வாய் வாங்கிக்கறயா?” என்றாள்.

குழந்தை கண் சிமிட்டியது. கவளத்தைப் பார்த்தது, தரையில் இருந்த மூன்று தட்டையும் பார்த்தது, பிறகு முழங்கைவரை இறங்கிக்கிடந்த வளையலைப் பார்த்தது.

“நீங்க சாப்டீங்களா ஆன்ட்டி?” என்றது.

புருஷன் ராசப்பனும் தினம் போனில் கேட்கிற கேள்விதான் அது. நாக்பூரிலிருந்து கேட்கிறவனிடம் ஆச்சுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். ஒரு சாண் தள்ளியிருந்து தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

“இன்னும் இல்ல கண்ணு” என்றாள் தெய்வானை. சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்ப நீங்க மொதல்ல சாப்டுங்க.”

தெய்வானை திரும்பி வந்து தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். பருப்புச் சோறு சாப்பிட்டாள், கோகிலா இன்னும் ஒரு கரண்டி வைத்தாள், ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கொஞ்சம் போடச் சொன்னாள். முப்பது நாள் பசி அவசரப்படவில்லை. அவள் தட்டை வழித்து, எழுந்து, கை கழுவிவிட்டு வரும்வரை, அந்தக் குழந்தை வாயைத் திறக்காமல் காத்திருந்தது.